நல்ல மனிதரிடம் கணக்குக் கேட்பது

ஒரு ஜமாஅத்தில், அதாவது பள்ளிவாசலைச் சார்ந்த ஊர் அமைப்பில், கணக்குக் கேட்பவரை முதலில் எதிர்ப்பவர்கள் பணத்தைத் தின்றவர்கள் அல்லர். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாத, ஊரில் ஒரு மய்யித் (இறப்பு) என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிற நல்ல மனிதர்கள்தாம். இதை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளையும், ஒன்றரை லட்சம் ரூபாயை நெருங்கிய பணத்தையும், வீட்டின் நிம்மதியையும் இழக்காமல் இருந்திருப்பேனா என்பது தெரியாது; ஆனால் இழப்பதற்கு ஆயத்தமாகவாவது இருந்திருப்பேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அப்போது தலைவராக இருந்தவர் இன்றும் பள்ளியில் முதல் வரிசையில் நின்று தொழுகிறார். அவரை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று.

நான் வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் நெடுங்காலம் கணக்கராக இருந்துவிட்டு, டெல்டா மாவட்டத்திலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பியவன். எங்கள் பள்ளிவாசலுக்குக் கடைத்தெருவில் ஒரு வரிசைக் கடைகளும், ஒரு தென்னந்தோப்பும், முன்னோர் வக்ஃப் செய்த, அதாவது அறக்கொடையாக நிரந்தரமாக எழுதி வைத்த, கொஞ்சம் நஞ்சை நிலமும் உண்டு. மகனுக்குக் கைப்பேசிக் கடை வைத்துக் கொடுக்க இடம் தேடியபோது, பள்ளிக் கடை ஒன்றில் இருந்தவர் மாதம் 9,000 ரூபாய் வாடகை கொடுப்பதாகச் சொன்னார். அந்தப் பணம் பள்ளிக்குப் போகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கடையைப் பள்ளியிடம் எடுத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பம் பள்ளிக்குக் கட்டியது மாதம் 600 ரூபாய். விசாரித்தபோது கதை வேறாக இருந்தது. கணவரை இழந்த ஒரு பெண் சிறு பிள்ளைகளோடு நின்ற காலத்தில், தலைவர் இரக்கப்பட்டுக் குறைந்த வாடகைக்கு அந்தக் கடையைக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து சிங்கப்பூர் போய் மாடி வீடும் கட்டிவிட்டார்கள். வாடகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வரிசையிலிருந்த கடைகளில் பாதிக்கு மேல் இப்படி ஏதோ ஒரு காலத்துக் கருணையின் பெயரால் கொடுக்கப்பட்டவை.

தில்லியை 1351 முதல் 1388 வரை ஆண்ட ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது. கால்வாய் வெட்டியவர், மருத்துவமனை கட்டியவர், ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவுவதற்கென்றே ஓர் அறக்கட்டளைத் துறை வைத்திருந்தவர். அவருடைய காலத்தின் தொடக்கத்தில் நாட்டின் நிலவருவாய் 6 கோடியே 75 லட்சம் தங்கா (அக்கால நாணயம்) என்று மதிப்பிடப்பட்டது. விளைச்சலும் விலையும் மாறியபோதும் அந்த மதிப்பீடு அவர் ஆட்சி முழுவதும் திருத்தப்படவே இல்லை. படைவீரர் இறந்தால் அந்த இடம் மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கு என்று ஆக்கப்பட்டது. குதிரைகளைக் கணக்கெடுப்புக்குக் கொண்டுவர வேண்டிய நாளில் தன் குதிரையைக் காட்ட முடியாமல் ஒரு வீரன் புலம்புவதைக் கேட்ட சுல்தான், கணக்கெழுதும் அலுவலருக்கு லஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளும்படி தாமே ஒரு தங்க நாணயத்தை எடுத்துக் கொடுத்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் எழுதுகிறார். அதையும் குற்றமாக அன்றி, மன்னரின் இரக்க குணத்துக்கு எடுத்துக்காட்டாகவே எழுதுகிறார். படைக் குதிரைகளுக்குச் சூடு போட்டு, இரவல் குதிரையைக் காட்டி ஊதியம் வாங்குவதைத் தடுத்த அலாவுத்தீன் கில்ஜி கொடுமைக்காரர். அந்தக் கணக்கெடுப்பைத் தளர்த்திய ஃபிரோஸ் ஷா நல்லவர். அவர் இறந்து பத்து ஆண்டுகளில், 1398-இல், தைமூர் தில்லிக்குள் நுழைந்தபோது எதிர்த்து நிற்கத்தக்க படை இருக்கவில்லை. வாரிசுச் சண்டை உள்ளிட்ட வேறு காரணங்களும் அதற்கு உண்டு என்பது உண்மை. ஆயினும் ஒரு நிர்வாகத்தைத் திருடர்கள் மட்டுமே அழிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வரலாறு எனக்குத் தெரியாது.

முதலில் தலைவரின் வீட்டுக்குப் போய்த் தனியாகத்தான் கேட்டேன். தேநீர் கொடுத்தார். "தம்பி, நான் பள்ளிக் காசுல ஒரு தேத்தண்ணி குடிச்சதில்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். அது உண்மை என்பதால் என்னால் மேலே பேச முடியவில்லை. அடுத்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, கடைகளின் வாடகைப் பட்டியலைப் படித்துக்காட்டும்படி கேட்டேன். கூட்டம் அமைதியானது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இவ்வளவு வருஷம் ஊருக்கு உழைச்ச மனுசன் மேல சந்தேகப்படுறியா?" என்றார். அதன்பின் பேச்சு முழுவதும் அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றியே நடந்தது; வாடகையைப் பற்றி எவரும் பேசவில்லை. இதே நிலைக்கு நீங்கள் வந்தால், கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்பதற்கு முன்பே எழுத்தில் ஒரே ஒரு தாளைக் கேளுங்கள்: கடை எண், வாடகைதாரர் பெயர், வாடகைத் தொகை, கடைசியாக ஒப்பந்தம் போட்ட தேதி. "முறைகேடு", "மோசடி" போன்ற சொற்கள் அதில் ஒன்றுகூட இருக்க வேண்டாம். கடிதத்தைக் கொடுத்ததற்குப் படியில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தவை எல்லாம் இத்தகைய சாதாரணத் தாள்களே.

அந்தக் கூட்டம் நடந்த சில வாரங்களுக்குள் ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நீதியைப் பற்றிப் பள்ளியின் இமாமான ஹஜ்ரத் உருக்கமாகப் பேசினார். மிம்பரில் (பள்ளியின் சொற்பொழிவு மேடையில்) நின்ற கலீஃபாவிடம், பங்கிட்ட துணியில் உங்களுக்கு மட்டும் சட்டைக்குப் போதுமான அளவு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டதும், மகன் தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாகச் சாட்சி சொன்னதும் எல்லோரும் அறிந்த கதைதான். பள்ளி முழுவதும் சுப்ஹானல்லாஹ் என்றது. என்னைக் கண்டித்துப் பேசியவரும் எனக்குப் பக்கத்தில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தச் சட்டைக் கதையைவிட, இராக்கிலுள்ள கூஃபா நகரின் கதைதான் நமக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். காதிஸிய்யாப் போரில் வென்ற தளபதி, சுவனத்துக்கு நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி), கூஃபாவின் ஆளுநராக இருந்தார். அவரைப் பற்றிக் கூஃபா மக்கள் புகார் சொன்னபோது, அவர் எப்பேர்ப்பட்டவர் தெரியுமா என்று உமர் (ரலி) மக்களை அடக்கவில்லை. அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு, ஆள் அனுப்பிக் கூஃபாவின் பள்ளி பள்ளியாக விசாரித்தார். ஒரு பள்ளியில் ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் நல்லதையே சொன்னார்கள் என்று ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பின்னாளில், இயலாமைக்காகவோ துரோகத்துக்காகவோ நான் அவரை விலக்கவில்லை என்று உமரே வெளிப்படையாகச் சொல்லித் தெளிவுபடுத்தினார். ஆளுநர்களை அனுப்பும்போதே அவர்களுடைய சொத்தை எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவரிடம் இருந்ததாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. விசாரணையும் மரியாதையும் அங்கே ஒன்றாக இருந்தன. "சந்தேகப்படுறியா?" என்று கேட்பவரிடம் நான் பிற்பாடு சொல்லக் கற்றுக்கொண்ட பதில் இந்தக் கூஃபா நிகழ்ச்சிதான். அதற்கு மறுப்புச் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றியவர்களே அதிகம்.

அடுத்த கட்டம் கடினமானது. என்னை ஊர்நீக்கம் செய்வதாக எவரும் அறிவிக்கவில்லை. அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. சலாம் சொன்னால் பதில் முணுமுணுப்பாக வந்தது. விருந்து அழைப்புகள் நின்றன. என் தங்கை மகளின் நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை ஊர் ஜமாஅத் கேட்ட கடிதம், "செயலாளர் ஊரில் இல்லை" என்ற பதிலோடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் இரவு தங்கை தொலைபேசியில், "நீ கேட்டதெல்லாம் நியாயம்தான் அண்ணே, ஆனா எம் மவ கல்யாணம் முடியட்டுமே" என்றாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. மனைவியோ பெண்கள் பயானுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். இந்தக் காலகட்டத்தில் என்னைவிட அதிகம் இழந்தவள் அவள்தான். கணக்குக் கேட்கத் தொடங்கும் முன் இவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள்: சந்தா பாக்கி ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள், ரசீதுகளைக் கோத்து வையுங்கள். வீட்டில் நிக்காஹ் வர இருந்தால் கடிதங்களை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வலி (மணப்பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், ஈஜாப் கபூல் (மண ஒப்பந்தச் சொற்கள்), மஹர் (மணக்கொடை) ஆகியவை சரியாக இருந்தால் ஜமாஅத் கடிதம் இல்லாததால் நிக்காஹ் செல்லாமல் போவதில்லை. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துகொள்வது எப்படியும் கட்டாயம்தான். இது தெரிந்திருந்தால் அச்சத்தில் பாதி குறையும்.

ஊரார் தாள் தராதபோது வெளியிலிருந்து தாள் வாங்கும் வழிகள் இருக்கின்றன. 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம், பிரிவு 46-இன்படி, மார்ச் 31-இல் முடியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் முழுமையான, உண்மையான வரவு செலவுக் கணக்கை முத்தவல்லி (வக்ஃபின் நிர்வாகி) வக்ஃப் வாரியத்துக்கு அளிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதி, எங்கள் பள்ளி அளித்திருந்த கணக்குகளின் நகல்களைக் கேட்டேன். உரிய காலத்துக்குள் கிடைத்தன. கடை வாடகை முழுவதும் ஒற்றை வரியில், ஒரே தொகையாக இருந்தது. நிகர வருமானத்தில் 7 விழுக்காட்டை வாரியத்துக்குச் செலுத்த வேண்டியிருந்ததால் (2025 திருத்தத்துக்குப் பின் அது 5 விழுக்காடு), வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதைப் பள்ளிக்குச் செய்யும் சேவையாகவே எங்கள் நிர்வாகிகள் சிலர் கருதினார்கள் என்பதும் அப்போது புரிந்தது. அதோடு நிற்காமல், பள்ளியின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டாவும் சிட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன, கடைகளின் மின் இணைப்பும் சொத்து வரியும் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஒரு நிலத்தின் பட்டா தனியார் பெயருக்கு மாறியிருந்ததை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அந்த நிலத்தின் பின்னணி விசித்திரமானது. பள்ளிக்குப் பின்புறம் இருந்த மனையைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே பள்ளமான ஓர் இடத்தை "மாற்றாக" வாங்கிக்கொண்டதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உறுப்பினர்கள் வரிசையாகக் கையொப்பமிட்டிருந்தார்கள். அவர்களில் சிலரிடம் பேசியபோது, நீட்டிய புத்தகத்தில் கையொப்பமிட்டோம், படிக்கவில்லை என்றார்கள். மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்துக் கெய்ரோவில் இதே வேலை மிகவும் செம்மையாக நடந்திருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜமாலுத்தீன் யூசுஃப் என்ற உயரதிகாரி தமக்குப் பிடித்த வக்ஃப் கட்டடம் ஒன்றைக் கண்டால், அது இடிந்து விழும் நிலையில் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தாக இருப்பதாகச் சாட்சிகளைச் சொல்லவைப்பார்; காழி (நீதிபதி) அதை ஏற்று, வேறு சொத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதிப்பார். இதைப் பதிவு செய்த வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி, கெய்ரோவின் சந்தைகளை மேற்பார்வையிடும் முஹ்தஸிபாகப் பதவி வகித்தவர். நாட்டைப் பஞ்சம் உலுக்கியபோது, அதற்கான காரணங்களில் முதலாவதாக அவர் வைத்தது பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கத்தை. சாட்சியும் முத்திரையும் தீர்மானமும் இருப்பதாலேயே ஒரு செயல் நேர்மையானதாகிவிடாது என்பதை எங்கள் தீர்மானப் புத்தகமும் காட்டியது. வக்ஃப் சொத்தை விற்பதும் தானமாகக் கொடுப்பதும் மாற்றிக்கொள்வதும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்று 2013-ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது; ஊர்க்கூட்டத் தீர்மானத்தால் அதை மீற முடியாது.

வக்ஃப் சட்டத்தின் பிரிவு 70-இன்படி, வக்ஃபில் அக்கறையுடைய எவரும் நிர்வாகம் குறித்து விசாரிக்கக் கோரி, உறுதிமொழிப் பத்திரத்துடன் வாரியத்துக்கு மனுச் செய்யலாம். நான் முதலில் அணுகிய வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த மனுவில், தலைவர் லட்சக்கணக்கில் கையாடல் செய்தார் என்ற வரி இருந்தது. ஆதாரம் இல்லாத அந்த வரியில் கையொப்பமிட மறுத்தேன். கொடுத்திருந்த முன்பணம் 25,000 ரூபாய் திரும்பவில்லை. இரண்டாமவர் வயதானவர், குறைவாகப் பேசுபவர். நான் சேர்த்த தாள்களைத் தேதி வாரியாக அடுக்கச் சொல்லி, இரண்டு பக்கங்களில் மனுவை முடித்துவிட்டார். கடைகளுக்குச் சந்தை வாடகை நிர்ணயிக்க வேண்டும், மாற்றப்பட்ட மனையை மீட்க வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகள்தாம் அதில் இருந்தன. எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. சான்றிட்ட நகல்கள், சென்னைப் பயணங்கள், வழக்கறிஞர் கட்டணம் என்று பணம் கரைந்தது. மகனின் கடைக்கு ஒதுக்கியிருந்த தொகையிலிருந்துதான் எடுத்தேன்.

இந்தக் காலத்தில் என்னை வாயடைக்கச் செய்த கேள்வி ஒன்று உண்டு: "நாடு இருக்கிற நிலைமையில் இதை வெளியே கொண்டுபோகலாமா? வக்ஃபைப் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கு நீயே எடுத்துக் கொடுப்பாயா?" கேட்டவர்கள் உண்மையான அச்சத்தோடு கேட்டார்கள், அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் உஸ்மானிய (ஓட்டோமான்) பேரரசில் நடந்தது என்ன? சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826-இல் வக்ஃபுகளுக்கெனத் தனி அமைச்சகம் ஏற்படுத்தி, அவற்றின் வருவாயை மெல்ல மெல்ல அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். அரசுக்குப் பணத் தேவை இருந்தது என்பதே அதன் முக்கியக் காரணம். எனினும் முத்தவல்லிகளின் சீர்கேடு அதற்கு வசதியான நியாயமாக அமைந்தது. வெளியே தெரியக் கூடாது என்று மூடி வைத்த குறைகள் ஆள்பவருக்குச் சாக்காகத்தான் பயன்பட்டன. அங்கே எடுத்துக்கொண்டவரும் ஒரு முஸ்லிம் சுல்தான்தான் என்பதைக் கேள்வி கேட்டவர்களிடம் நினைவூட்டினேன். 2025-இல் வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஒன்றிய அரசின் உமீத் இணையதளத்தில் ஆறு மாதங்களுக்குள் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது, பத்திரம் எங்கே, அளவு என்ன என்று நிர்வாகிகள் தேடி அலைந்தார்கள். அன்று உதவியது நான் சேர்த்து வைத்திருந்த கோப்புதான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் நகல் வாங்க என் வீட்டுக்கு வந்தார்கள்.

தனியாக நிற்காதீர்கள் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1384-இல் கெய்ரோவில் மாலிக்கீ சட்டப்பிரிவின் தலைமைக் காழியாக நியமிக்கப்பட்டார். பொய்ச்சாட்சிகளையும் வக்ஃப் ஆவணங்களில் விளையாடியவர்களையும் கண்டிப்போடு தண்டித்தார். ஏறக்குறைய ஓராண்டிலேயே பதவி பறிபோனது. அரசுகள் எழுவதையும் விழுவதையும் அவ்வளவு ஆழமாக ஆராய்ந்த ஒருவரால்கூடத் தனி ஆளாக அந்தக் கூட்டத்தின் முன் நிற்க முடியவில்லை. என் மனுவில் பின்னால் சேர்ந்து கையொப்பமிட்டவர்களில் துணிச்சல் மிகுந்தவர்கள் பெண்கள். கணவரை இழந்து, குடும்பத் தலைவியாகத் தாங்களே தலைக்கட்டு வரி (ஜமாஅத்துக்குக் குடும்பவாரியாகக் கட்டும் சந்தா) கட்டிக்கொண்டு, ஆனால் பொதுக்கூட்டத்தில் ஒருபோதும் உட்கார இடம் பெறாதவர்கள். அவர்களிடம் முதலிலேயே போயிருக்கலாம் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணையின் பாதியிலேயே தலைவர் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். புதிய நிர்வாகம் வந்தது. கடைகள் பொது ஏலத்தில் விடப்பட்டு, வாடகை வருவாய் பல மடங்கு உயர்ந்தது. உண்மையிலேயே கஷ்டப்படும் இரண்டு குடும்பங்களுக்கு, கடையைத் தொடாமல், பைத்துல்மாலிலிருந்து (பொது உதவி நிதியிலிருந்து) மாத உதவி கொடுக்கிறோம். கருணையை வாடகைக்குள் ஒளித்து வைக்காமல் செலவுக் கணக்கில் வெளிப்படையாக எழுதினால், தேவை தீர்ந்ததும் நிறுத்த முடிகிறது. பின்மனை வழக்கு இன்னும் நடக்கிறது.

புதிய நிர்வாகிகள் என்னோடு நின்றவர்கள். ஆனால் சில மாதங்களிலேயே அவர்களும் கணக்குத் தாளை ஒட்டுவதற்குத் தாமதிக்கத் தொடங்கினார்கள்; கேட்டால், "நம்ம ஆளுங்கதானே பாய், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். ஜஹாங்கீர் 1605-இல் அரியணை ஏறியதும் 60 மணிகள் கோத்த பொற்சங்கிலியை ஆக்ரா கோட்டையில் தொங்கவிட்டாராம், முறையிடுபவர் இழுத்து ஒலிக்க. எங்கள் பள்ளியில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. அதன் சாவி தலைவரிடம் இருந்தது. ஆகவே பெட்டியை விட்டுவிட்டு, பைலாவைத் திருத்தும்படி வற்புறுத்தினேன். ஒவ்வொரு மாதத்தின் முதல் ஜும்ஆவுக்கு முன் வரவு செலவுத் தாள் ஒட்டப்பட வேண்டும்; வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் வேண்டும்; எவரும் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது; தீர்மானங்கள் கையொப்பத்துக்கு முன் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். இவற்றை நல்ல பெயரோடு இருக்கும் நிர்வாகத்தின் காலத்திலேயே எழுதிவிடுங்கள். அப்போது எழுதினால் எவரும் தம்மைக் குறிவைத்ததாக எண்ண மாட்டார்கள்.

இந்த மாதத்தின் முதல் ஜும்ஆ முடிந்துவிட்டது, தாள் ஒட்டப்படவில்லை. இப்போதைய பொருளாளர் என் மனைவியின் தம்பி. கடிதம் எழுதி அவரிடமே கொடுத்து, படியில் கையொப்பமும் தேதியும் வாங்கியிருக்கிறேன்.